அபராதமும் வருமானமும்

தண்டம் என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. ஊன்றிச் செல்லும் கோலும் தண்டம். அரசன் குற்றவாளிக்கு விதிக்கும் ஒறுப்பும் தண்டம். அந்த ஒறுப்பு பணமாக அமையும்போது அப்பணமும் தண்டம். இவற்றோடு பேச்சு வழக்கிலே இன்னொரு பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. பயனின்றிக் கைவிட்டுப் போன பணத்தைக் குறித்து, 'தண்டம் அழுதேன்' என்று வீட்டுப் பெரியவர்கள் சலித்துக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குற்றத்துக்காகக் கொடுக்கும் தண்டம், எந்த இடத்தில் 'தண்டம் அழுவதாக' மாறிவிடுகிறது? மாணவர்களே, இக்கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இதற்கு மோட்டார் வண்டி ஓட்டுவோரிடம் வாங்கப்படும் அபராதத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நீதிமன்றப் படியை வாழ்நாளில் மிதித்தறியாத நன்மக்களும் அரசாங்கத்தின் தண்டிக்கும் கையை நேருக்கு நேர் காண்பது பெரும்பாலும் சாலையோரத்திலேதான். உங்களில் பலர் இன்னும் ஓரிரண்டு ஆண்டுகளில் உரிமம் பெற்று வண்டி ஓட்டப் போகிறவர்கள்; சிலர் இப்போதே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியாததன்று.

முதலில் வரிக்கும் அபராதத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். வரி என்பது குடிமகனின் செல்வத்தின்மீது விதிக்கப்படுவது. அபராதம் அவனுடைய பிழையின்மீது விதிக்கப்படுவது. வரியால் கருவூலம் நிறைய வேண்டுமென்று விரும்பும் அரசன், குடிகளின் விளைச்சல் பெருக வேண்டுமென்று விரும்பியே ஆக வேண்டும். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன அறிவுரையைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதன் உட்கருத்து இதுவே. ஆனால், அபராதத்தால் கருவூலம் நிறைய வேண்டுமென்று ஓர் அரசாங்கம் விரும்பத் தொடங்கினால் அது எதை விரும்புவதாக ஆகும்? குடிகளின் பிழை பெருக வேண்டுமென்றன்றோ விரும்புவதாக ஆகும்! எல்லாரும் விதிப்படி ஒழுகினால் அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழும். நல்லொழுக்கம் நட்டமாகவும் தீயொழுக்கம் வருவாயாகவும் கணக்கில் ஏறுகிற இந்த விந்தை கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசௌரி மாநிலத்திலுள்ள பெர்குசன் என்னும் சிற்றூரில் இது நடந்தது. அந்நாட்டு நடுவணரசே ஆராய்ந்து எழுதி வெளியிட்டிருக்கிறது.

பெர்குசன், செயின்ட் லூயிஸ் மாநகரை அடுத்துள்ளது. அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 21,000. நம் நாட்டுக் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவு. மக்களில் 67 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், மைக்கேல் பிரௌன் என்னும் 18 வயது இளைஞன் அவ்வூர்ப் போலீஸ் அதிகாரி ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். ஊர் கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பின் சினம் ஒரு துப்பாக்கிச் சூட்டினால் மட்டும் மூண்டதாகத் தோன்றவில்லை. பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அடியில் இருந்தது. அது யாது என்று அறிய நடுவண் நீதித்துறை ஆய்வு நடத்தி, 2015-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது.

அவ்வறிக்கையில் முதலில் நாம் காண வேண்டியது கணக்குத்தான். 2010-ஆம் நிதியாண்டில் அந்நகராட்சியின் பொது நிதி வருவாய் 1 கோடியே 10 இலட்சத்து 70 ஆயிரம் டாலர். அதில் அபராதமாகவும் நீதிமன்றக் கட்டணமாகவும் வந்தது 13 இலட்சத்து 80 ஆயிரம் டாலர். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015-ஆம் நிதியாண்டுக்கு அவர்கள் திட்டமிட்டபோது எதிர்பார்த்த மொத்த வருவாய் 1 கோடியே 32 இலட்சத்து 60 ஆயிரம்; அபராதத்தால் வரும் என்று எழுதிவைத்த தொகை 30 இலட்சத்து 90 ஆயிரம். நான்கில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது!

'எழுதிவைத்த தொகை' என்றேன். அச்சொல்லைச் சற்று நின்று நோக்குங்கள். அடுத்த ஆண்டில் ஊரார் இத்தனைப் பிழைகள் செய்வார்கள், அவற்றிலிருந்து இத்தனை டாலர் கிட்டும் என்று ஆண்டு பிறப்பதற்கு முன்பே கணக்கு எழுதப்படுகிறது. அந்நகராட்சியின் நிதி அலுவலர், அபராதச் சீட்டு எழுதுவது வெகுவாகக் கூடினாலன்றி அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது அரிது என்று போலீசுத் தலைவருக்கு 2010-இல் மடல் எழுதினார். 2013-இல், நீதிமன்ற வருவாயைப் பத்து விழுக்காடு உயர்த்த முடியுமா என்று போலீசுத் தலைவரைக் கேட்டதாகவும், முயன்று பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகவும் நகராட்சி மேலாளருக்குத் தெரிவித்தார். விபத்து குறைந்ததா, சாலையில் குழந்தைகள் அச்சமின்றி நடக்கிறார்களா என்ற வினா இம்மடல்களில் இடம்பெறவில்லை. நெல் கொள்முதல் செய்பவரும் அரைவை ஆலைக்காரரும் பேசிக்கொள்வதுபோல் அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மேலிடத்து விருப்பம் சாலைக்கு இறங்கி வரும்போது என்ன வடிவம் பெறும்? ஒரே வண்டியை ஒரு முறை நிறுத்தி எத்தனைச் சீட்டு எழுத முடியும் என்று சில காவலர்கள் தமக்குள் போட்டியிட்டார்களாம்; விசாரித்தவர்களிடம் அவர்களே சொன்னது இது. 2012-ஆம் ஆண்டுக் கோடையில், பொதுப் பூங்காவில் கூடைப்பந்து ஆடிய 32 வயது மனிதர் ஒருவர், நிறுத்தியிருந்த தம் காரில் அமர்ந்து களைப்பாறிக்கொண்டிருந்தார். காவலர் ஒருவர் வந்தார். ஆதாரமின்றி அவர்மீது இழிவான ஐயம் ஒன்றைக் கூறினார். காரைச் சோதிக்க வேண்டும் என்றார். அரசியல் சட்டம் தமக்களித்த உரிமையைச் சொல்லி அவர் மறுத்தார். துப்பாக்கி முனையில் கைது செய்யப்பட்டார். அவர்மீது எட்டுக் குற்றங்கள் எழுதப்பட்டன. 'மைக்கேல்' என்பதை 'மைக்' என்று சுருக்கிச் சொன்னது பொய்யுரை என்று ஒரு குற்றம். ஓடாமல் நின்ற காரில் இருக்கைப் பட்டை அணியவில்லை என்பது மற்றொன்று. சுப்பிரமணியன் என்பவர் தம்மை மணி என்று சொல்லிக்கொண்டதற்காக அபராதம் கட்டுவதை எண்ணிப் பாருங்கள், சிரிப்பு வரும். அம்மனிதருக்குச் சிரிப்பு வந்திராது. பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த வேலை இவ்வழக்கினால் அவரை விட்டுப் போயிற்று.

அந்த ஊரில் நீதிமன்றமும் போலீசுத் துறையின் ஓர் உறுப்பைப்போலவே இயங்கியது. நீதிமன்ற எழுத்தர்கள் போலீசுத் தலைவரின் மேற்பார்வையில் வேலை செய்தார்கள். பிடிப்பவர், விதிப்பவர், வாங்குபவர் ஆகிய மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சட்ட நூல்களைப் புரட்டாமலே இதன் விளைவை ஊகிக்கலாம்.

இப்போது ஒரு பெண்மணியின் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவதுபோல் எழுதிக் காட்டுகிறேன். 2007-ஆம் ஆண்டில் அவர் தம் காரை விதிக்கு மாறாக ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரே நிகழ்ச்சி. அதற்கு இரண்டு சீட்டுகள். அபராதம் 151 டாலர், மேலே கட்டணங்கள். அவர் ஏழை, இடையிடையே தங்க வீடின்றித் தவித்தவர். உரிய நாளில் வர இயலவில்லை. பணம் கட்டவும் இயலவில்லை. வராமையும் கட்டாமையும் தனித்தனிக் குற்றங்களாக ஏழு முறை அவர் தலையில் ஏறின. ஒவ்வொன்றுக்கும் புது அபராதம், புதுக் கட்டணம், பிடியாணை. ஒரு முறை 25 டாலரும் மறுமுறை 50 டாலரும் அனுப்பிப் பார்த்தார். முழுத்தொகையானாலன்றி ஏற்க மாட்டோம் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. இருமுறை கைதானார், ஆறு நாள் சிறையிலிருந்தார். 2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வரை அவர் கட்டியது 550 டாலர். அதன் பிறகும் கட்ட வேண்டியதென நின்றது 541 டாலர். இரண்டையும் கூட்டினால் 1,091. தொடக்கத் தொகையைப்போல் ஏழு மடங்குக்கு மேல்! நம் ஊரில் மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று எத்தனையோ கேள்விப்பட்டிருக்கிறோம். நீதிமன்றமே வட்டிக்கடை நடத்தினால் குடிமகன் எந்த நீதிமன்றத்தை நாடுவான்?

அந்த ஒரு பெண்மணியோடு இது நின்றிருந்தால் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் அச்சிறிய நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணை நிலுவையிலிருந்த மக்கள் 16,000-க்கும் மேற்பட்டவர்கள். அவ்வழியே காரில் சென்ற அயலூரார் பலரும் இதில் அடங்குவர். சுற்றுவட்டாரத்து நகராட்சிகளில் வண்டி நிறுத்தும் பிழைக்கு 5 டாலர் முதல் 100 டாலர் வரை வாங்கினார்கள். பெர்குசனில் 102 டாலர். இந்தப் பாரம் எல்லார்மீதும் ஒருபடித்தாக விழவுமில்லை. மக்களில் 67 விழுக்காடான கறுப்பினத்தவர், நிறுத்தப்பட்ட வண்டியோட்டிகளில் 85 விழுக்காடாகவும், சீட்டு பெற்றவர்களில் 90 விழுக்காடாகவும், கைதானவர்களில் 93 விழுக்காடாகவும் இருந்தனர். 2012 முதல் 2014 வரையுள்ள கணக்கு இது. படிப்படியாக அந்த எண் ஏறுவதைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் கேட்டு, 'அவ்வூர் அலுவலர்கள் கொடியவர்கள் போலும்' என்று முடிவு கட்டிவிட்டால் பாடத்தின் பாதிதான் விளங்கியதாகும். மற்றப் பாதிக்கு ஒரு பள்ளிக்கூடத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். காலையில் மணி அடித்த பின் வருகிற மாணவன் ஐந்து ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பணம் அரசாங்கக் கணக்குக்குப் போகிறதென்றால், வாயிற்காவலர் மணியைக் கேட்ட பிறகே கதவைச் சாத்துவார். மூச்சிரைக்க ஓடிவருகிற சிறுவனுக்காக இன்னும் ஒரு நொடி தாமதித்தாலும் தாமதிப்பார். அந்தப் பணத்திலிருந்துதான் ஆசிரியர் அறைக்குக் காப்பியும் மின்விசிறியும் வாங்குவது என்று ஏற்பாடாகிவிட்டால்? ஒருவரும் தீய எண்ணம் கொள்ள வேண்டியதில்லை. கடிகாரம் தானாகவே ஐந்து நிமிடம் முந்தி ஓடத் தொடங்கிவிடும். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த உண்மையை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. மதுவிலக்குக் காலத்தில், ஒஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் மேயரே நீதிபதியாக அமர்ந்து மதுக் குற்றங்களை விசாரித்தார். டூமி என்பவருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார். குற்றம் உறுதியானால் மேயருக்குச் சொந்தமாக 12 டாலர் கிடைக்கும். விடுதலை செய்தால் ஒன்றும் கிடையாது. 1927-ஆம் ஆண்டில், இது நீதியாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னர்க் குடியரசுத் தலைவராக இருந்து பின்னர்த் தலைமை நீதிபதியான டாஃப்ட் எழுதிய தீர்ப்பு அது. அம்மேயர் நல்லவரா கெட்டவரா என்று நீதிமன்றம் எடை போடவில்லை. சராசரி மனிதன் ஒருவனைத் தராசு சாய்க்கத் தூண்டும் ஏற்பாடா இது என்று மட்டுமே பார்த்தது.

பணம் மேயரின் சட்டைப்பைக்குப் போகாமல் ஊர்ப் பொதுப் பெட்டிக்குப் போனால் குற்றமில்லையே என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி, அதே மாநிலத்தில் மன்றோவில் என்னும் சிற்றூர் சார்பிலும் அப்படித்தான் வாதிட்டார்கள். அங்கே போக்குவரத்துக் குற்றங்களை மேயர் விசாரித்தார். 1964-ஆம் ஆண்டில் ஊர் வருவாய் 46,355 டாலர். அதில் மேயரின் நீதிமன்றம் ஈட்டித் தந்தது 23,589 டாலர். பாதிக்கு மேல்! வார்டு என்பவர் தமக்கு விதிக்கப்பட்ட இரண்டு 50 டாலர் அபராதங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். ஊரின் நிதிக்குப் பொறுப்பாளியான ஒருவர் அதே நிதியைப் பெருக்கும் அபராதத்தை விதிக்கும் நீதிபதியாக இருக்கலாகாது என்று 1972-இல் தீர்ப்பாயிற்று. நூறு டாலருக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்த மனிதரை நான் மனத்தால் வணங்குவதுண்டு.

அதற்கு முந்திய ஆண்டில் வேறொரு வழக்கு. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், டேட் என்பவருக்கு ஒன்பது போக்குவரத்துக் குற்றங்களுக்காக மொத்தம் 425 டாலர் அபராதம். அக்குற்றங்களுக்குச் சட்டத்தில் சிறைத் தண்டனை கிடையவே கிடையாது, அபராதம் மட்டுமே. அவரால் கட்ட முடியவில்லை. நாளொன்றுக்கு 5 டாலர் வீதம் கழியுமாறு 85 நாள் சிறைப்பண்ணையில் உழைக்க அனுப்பினார்கள். பணமுள்ளவன் அதே குற்றத்தைச் செய்துவிட்டு அன்றே வீடு திரும்புவான். பணமில்லாதவன் மூன்று மாதம் சிறையில் இருப்பான். வறுமையைக் குற்றமாக்கும் இம்முறை சமநீதிக்கு முரணானது என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தத் தீர்ப்புகள் எல்லாம் வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் பெர்குசன் நிகழ்ச்சிகள் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பு தலைநகரில் இருந்தது. சீட்டுப் புத்தகம் தெருவில் இருந்தது.

மனிதர்கள் இருந்தால்தானே இந்தச் சபலமெல்லாம், இயந்திரத்தைக் காவலுக்கு நிறுத்திவிட்டால் என்ன என்று எண்ணத் தோன்றும். சிக்காகோ மாநகரம் 2003-ஆம் ஆண்டு முதல் அப்படிச் செய்தது. சாலைச் சந்திகளில் சிவப்பு விளக்கை மீறும் வண்டிகளைக் காமிரா படம் பிடிக்கும். வீட்டுக்கு 100 டாலர் சீட்டு வரும். காமிராவுக்கு இனம் தெரியாது, ஏழை பணக்காரன் தெரியாது, காப்பி வேண்டாம். ஆயினும் காமிராவை வைப்பவர் மனிதர்தாமே? ரெட்பிளெக்ஸ் என்னும் நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் பெறுவதற்காக மாநகராட்சி அதிகாரி ஒருவருக்கு ரொக்கமும், அரிசோனா மாநிலத்தில் வீடும் கையூட்டாகக் கொடுத்தது அம்பலமாயிற்று. 2016-ஆம் ஆண்டில் அவ்வதிகாரிக்குப் பத்தாண்டுச் சிறை. நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவியாக இருந்தவருக்கும் சிறை. மறு ஆண்டில் அந்நிறுவனம் மாநகராட்சிக்கு 2 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

கையூட்டைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது மஞ்சள் விளக்கின் கதை. கணிதமும் பௌதிகமும் கற்பித்தவனாதலால் இதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், பொறுத்தருள்க.

பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் எரியும்போது, சந்தியை நோக்கி வரும் ஓட்டுநர் இரண்டிலொன்றைச் செய்ய வேண்டும். ஒன்று நிற்க வேண்டும், அல்லது சிவப்பு வருமுன் சந்திக்குள் நுழைந்துவிட வேண்டும். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 13.4 மீட்டர் வேகத்தில் ஒரு கார் வருவதாகக் கொள்வோம். மஞ்சளைக் கண்டு காலைத் தடையின்மீது வைக்க ஒரு விநாடி ஆகும்; அதற்குள் 13.4 மீட்டர் ஓடிவிடும். பிறகு விநாடிக்கு விநாடி ஏறத்தாழ 3.05 மீட்டர் என்னும் அளவில் வேகம் குறைந்து நிற்பதற்குள் இன்னும் 29.4 மீட்டர் ஓடும். வேகத்தின் வர்க்கத்தை வேகத் தளர்ச்சியின் இருமடங்கால் வகுத்தால் இத்தொகை வரும், போட்டுப் பாருங்கள். மொத்தம் 42.8 மீட்டர். அதற்கு அப்பால் உள்ள கார் நின்றுவிடலாம். அதைவிட அருகில் உள்ள கார் நிற்க முடியாது. போய்த்தான் ஆக வேண்டும். 42.8 மீட்டரைக் கடக்க 3.2 விநாடி தேவை. ஆகவே மஞ்சள் விளக்கு 3.2 விநாடியேனும் எரிய வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த காசிஸ், ஹெர்மன், மாரடுடின் என்னும் மூன்று அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம் இது.

அதே வேகத்துக்குச் சிக்காகோவில் மஞ்சளுக்கு வைத்த காலம் 3 விநாடி. மூன்று விநாடியில் அந்தக் கார் 40.2 மீட்டர்தான் செல்லும். அப்படியானால், சந்தியிலிருந்து 40.2 மீட்டருக்கும் 42.8 மீட்டருக்கும் இடையில் அகப்பட்ட ஓட்டுநர் நிற்கவும் முடியாது, கடக்கவும் முடியாது. இரண்டரை மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள ஒரு பொறி! விதிக்குட்பட்ட வேகத்தில், விழிப்போடு வருகிற நல்ல ஓட்டுநரும் அங்கே குற்றவாளியாவார். அதுவும் போகட்டும். 2014-ஆம் ஆண்டில் காமிரா வேலை வேறு நிறுவனத்துக்கு மாறியபோது, மஞ்சள் 3 விநாடிக்குச் சற்றுக் குறைந்து 2.9 விநாடியாகப் பதிவானாலும் சீட்டு அனுப்பலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. இதனால் மட்டும் ஏறத்தாழ 77,000 சீட்டுகள் கூடுதலாகப் போயின. தொகை 77 இலட்சம் டாலர். மாநகராட்சியின் தலைமைக் கண்காணிப்பாளரே அதே ஆண்டில் இதை வெளியிட்டார். பத்தில் ஒரு விநாடியின் விலை அது. கண் இமைக்கவும் அதைவிடக் கூடுதலான நேரம் பிடிக்கும். 2017-இல், சிவப்பு எரிந்த பின் பத்தில் ஒரு விநாடியாக இருந்த விட்டுக்கொடுக்கும் நேரத்தைப் பத்தில் மூன்று விநாடியாக அம்மாநகரம் உயர்த்தியது.

ஓரிகன் மாநிலத்திலும் மஞ்சள் விளக்கைப் பற்றிய சிறு கதையொன்று உண்டு. சுவீடனில் மின்பொறியியல் படித்துவிட்டு வந்து அங்கே குடியேறிய யார்ல்ஸ்ட்ராம் என்பவரின் மனைவிக்கு 2013-இல் காமிராச் சீட்டு வந்தது. கணவர் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நேரே செல்லும் காருக்குத்தான் அந்த 1960-ஆம் ஆண்டுச் சூத்திரம் பொருந்தும். திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் காருக்கு இன்னும் நேரம் வேண்டும் என்று கண்டார். தம் கணக்கை அதிகாரிகளுக்கு எழுதினார். கிடைத்த பரிசு என்ன தெரியுமா? மாநில உரிமமின்றிப் பொறியியல் கணக்குப் போட்டார், தம்மைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டார் என்று 2016-இல் அவருக்கே 500 டாலர் அபராதம்! அவர் வழக்குத் தொடுத்தார். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் வென்றார். மூல ஆராய்ச்சியாளர் மூவருள் ஒருவரான மாரடுடினே, சூத்திரம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று அவருக்கு ஆதரவாக எழுதினார். 2020-இல் அந்நாட்டுப் போக்குவரத்துப் பொறியாளர் கழகம் தன் வழிகாட்டு நூலில் அவருடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இக்கதையைச் சொல்வது வழக்கம்.

அபராதமே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது, எனக்கும் வரவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். ஒரு நடுத்தர நகரமே ஓராண்டில் அழிந்தது போன்ற கணக்கு. வேகத்தைத் தண்டிக்கத்தான் வேண்டும். எப்படித் தண்டிப்பது என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. பின்லாந்து 1921-ஆம் ஆண்டு முதல் ஒரு முறையைக் கையாள்கிறது. கடுமையான குற்றமாயின் அபராதம் ரூபாய் அணாவில் எண்ணப்படுவதில்லை, நாட்களில் எண்ணப்படும். குற்றவாளியின் ஒருநாள் வருமானத்தைக் கொண்டு ஒரு நாளின் மதிப்பு கணக்கிடப்படும். கூலிக்காரனுக்குச் சில நூறு, கோடீசுவரனுக்குப் பல்லாயிரம். 2002-ஆம் ஆண்டில், தொலைபேசிக் கருவி செய்யும் பெருநிறுவனத்தின் அதிகாரி ஒருவர் 50 கிலோமீட்டர் எல்லையில் 75 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்காக 1,16,000 யூரோ கட்டும்படி ஆயிற்று. தம் வருமானம் குறைந்துவிட்டதென்று முறையிட்டு அதைப் பின்னர் வெகுவாகக் குறைத்துக்கொண்டார் என்பது வேறு செய்தி. இந்த எண்ணம் பின்லாந்தில் முளைத்ததுமன்று. 1215-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் ஜான் ஒப்பிய மாபெரும் சாசனத்திலேயே, அபராதம் குற்றத்தின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும், வணிகனின் சரக்கையும் உழவனின் ஏர்க்கருவியையும் பறிக்கும் அளவுக்குப் போகலாகாது என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண்மணியின் காரையும் நம் ஊர் ஆட்டோக்காரரின் வண்டியையும் அக்காலத்து ஏருக்கு நேராக வைத்துப் பார்க்கலாம்.

நம் நாட்டுச் செய்தியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு அபராதங்கள் பன்மடங்காயின. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவை நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசமின்றி ஓட்டினால் முன்பு 100 ரூபாய், இப்போது 1,000. தொகை ஏறியதை எல்லாரும் பேசினார்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த ஒரு விதியைப் பற்றிப் பேசியவர் குறைவு. குற்றத்தைப் பதிவு செய்யும் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட தகுதிச் சான்று இருக்க வேண்டும். கருவி உள்ள இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது அவ்விதி. கைப்பேசியில் அபராதச் செய்தி வந்தவுடன் பதறிப் பணம் கட்டுவோரும், கிழித்தெறிவதுபோல் அழித்துவிடுவோரும் உண்டு. நாளும் இடமும் வண்டி எண்ணும் சரியா, படத்தில் உள்ளது தம் வண்டிதானா என்று பார்ப்பவர் சிலரே. பார்த்துப் பழகுங்கள், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பார்த்துச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தப்பு உம்முடையதானால் கட்டிவிடுங்கள்.

மீண்டும் பெர்குசனுக்கு. மிசௌரி மாநிலத்தில், ஊர் வருவாயில் போக்குவரத்து அபராதம் இத்தனை பங்குக்கு மேல் போகலாகாது, மிஞ்சியதை மாநிலத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று 1995-லேயே ஒரு சட்டம் இருந்தது. நெடுஞ்சாலையில் செல்வோரைப் பிடித்தே பிழைத்த வேறொரு சிற்றூரின் பெயரால் அச்சட்டம் வழங்கியது; சட்டம் வந்ததும் அவ்வூர் நொடித்துப் போயிற்று. 2015-ஆம் ஆண்டில் அந்த எல்லை 30 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெர்குசன் நகராட்சி, வராமைக்குத் தனி அபராதம் விதிப்பதை 2014-லேயே கைவிட்டது. 2016-இல் நடுவண் அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு நீதிமன்றத்தைச் சீர்திருத்த ஒப்பியது. அபராதம் கட்ட இயலாததற்காக அங்கே சிறையில் அடைக்கப்பட்டவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு ஒன்று பல ஆண்டுகள் நடந்து, 2024-இல் சமரசமாயிற்று. 15,000-க்கு மேற்பட்டவர்களுக்காக நகராட்சி 45 இலட்சம் டாலர் கொடுக்க இசைந்தது. வழக்குச் செலவைக் கழிக்குமுன் வகுத்துப் பார்த்தால் தலைக்கு 300 டாலருக்குள் வருகிறது. 102 டாலர் வீதம் மூன்று வண்டி நிறுத்தச் சீட்டுகளுக்குக்கூட அது போதாது.